கடைசியாகத் திறந்தது மார்ச் 22

பிப்ரவரி 11

அன்புள்ள மகளுக்கு,

உறுதியான செய்தி முதலில். குருவியின் படங்களை வைத்திருக்கும் நிறுவனம் தன் இலவசச் சேவையை மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்துகிறது. ஆதாரம்: அவனுடைய மெயிலுக்கு அந்த நிறுவனமே அனுப்பிய அறிவிப்பு. கணினிக் கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகு அங்கே இருப்பதெல்லாம் அழிக்கப்படும்.

போனில் சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் நான் போனில் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும். உன் அத்தைக்கு இது இப்போது தெரிய வேண்டாம். பதிலைப் பழைய பத்திரிகை ஆபீஸ் முகவரிக்குப் போடு. வாசலில் இருக்கும் காவலர் நம் ஆள். "ரிட்டயராகியும் உங்களுக்குத் தபால் நிக்கலையே சார்" என்று ஒரு குத்து குத்திவிட்டுக் கொடுத்துவிடுவார்.

கிரேன் ஏணியில் கால் தவறுவதற்கு முந்தைய மூன்று வருடங்களில் அவன் எடுத்த படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதில்தான். அவன் போனும் அவனோடு உடைந்துவிட்டது. வேறு நகல் நம்மிடம் இல்லை. புதிதாக ஓர் இடம் பார்க்க வேண்டும். எது நல்லது என்று உனக்கு ஏதாவது தெரியுமா? நானும் விசாரிக்கிறேன்.

என் மகன் போன பிறகு உன்னை மருமகள் என்று எழுத எனக்கு வரவில்லை. திருத்தாதே.

மாமா


பிப்ரவரி 17

மாமாவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் "உறுதியான செய்தி முதலில்" என்று பார்த்தேன். நாலு பேருக்கு நடுவில் சிரித்துவிட்டேன். அப்புறம் அடுத்த வரியைப் படித்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பல். காலையிலிருந்து சாயங்காலம் வரை மெழுகில் பல் செதுக்கி, அச்சில் வைத்து, பல் செட் கட்டுகிறேன். கிளவுட் பற்றி லேப் முதலாளியிடம் கேட்டேன். "மாசாமாசம் காசு கட்டிடும்மா, தலைவலி விட்டுது" என்றார். நான் கட்டுகிறேன் மாமா. பெரிய தொகை ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அவர் எடுத்ததில் முக்கால்வாசி வானம்தான். கிரேன் கேபினில் உட்கார்ந்தபடி, தினமும், அதே கடல், அதே கன்டெய்னர், அதே வானம். "இதுல என்ன இருக்குன்னு இத்தனை எடுக்கறீங்க?" என்று நான் சண்டை போட்டதுண்டு. "நேத்து மாதிரியா இருக்கு? நல்லாப் பாரு" என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. அவர் முகம் இருப்பதை மட்டும் எடுத்து வைத்தால் போதாதா? இடமும் கொஞ்சம் போதும்.

அத்தை சாப்பிடுகிறார்களா?

உங்கள் மகள்


பிப்ரவரி 26

அன்புள்ள மகளுக்கு,

விசாரித்ததை எழுதுகிறேன். கேட்டது மூன்று பேரிடம்: கணினிக் கடைக்காரர், எங்கள் பத்திரிகையின் பழைய புகைப்படப் பிரிவுக்காரர், நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. மூன்று பேரும் மூன்று நிறுவனம் சொன்னார்கள். மூன்றின் நிபந்தனைகளையும் முழுக்கப் படித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "சார், இதை எழுதுன வக்கீலே படிச்சிருக்க மாட்டான்" என்றார்.

முதலாவது தாராளமாக இடம் தருகிறது. ஆனால் படத்தைச் சுருக்கித்தான் வைக்கும். புகைப்படக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். முகம் முகமாக இல்லை, கஞ்சி மாதிரி இருந்தது. வேண்டாம்.

இரண்டாவது நல்லது என்றே நினைத்தேன். அதில் ஒவ்வொரு முறையும் கணக்குக்காரரின் போன் எண்ணுக்கு ஒரு குறியீடு போகும். அவன் பெயரில்தான் கணக்கு இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் அவன் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தாள். அந்த எண் அவளுக்குப் போன மாதம் கிடைத்ததாம். "யாரு வேணும்?" என்றாள். "தப்பா வந்துடுச்சும்மா" என்று வைத்துவிட்டேன்.

மூன்றாவது படத்தைச் சுருக்காது. இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லில் திறக்கலாம். தகவல் போக வேண்டிய எண்ணாக யாருடைய எண்ணையும் தரலாம். இடம் குறைவு. கூடவே ஒரு நிபந்தனை: ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் மூடிவிடுவார்கள். இது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நாம் பார்க்காமலா இருக்கப்போகிறோம்?

காசு கட்டுவது வேண்டாம். அங்கேயும் கட்டுகிறவர் நின்றால் கணக்கும் நின்றுவிடும். உனக்கு இன்னும் நிறைய வயது இருக்கிறது. மாதம் பிறந்தால் அவனுக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு பாரம் உன் தலையில் ஏறக் கூடாது.

வானத்தை விட மாட்டேன். அவன் பார்த்தது அது. வேண்டுமானால் அதைப் பென் டிரைவில் போட்டு எனக்கு அனுப்பு. முகங்களும் பேச்சும் பத்திரமான இடத்தில் இருக்கட்டும். பென் டிரைவ் தொலையும், வீட்டில் தண்ணீர் புகும். அங்கே வைத்தது அங்கேயே இருக்கும்.

மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

முடிந்தது. லேப் மூடிய பிறகு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மாற்றினேன். முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு, "கரண்ட் பில்லைப் பாத்துட்டு உன்னைப் பேசிக்கிறேன்" என்று போனார். பேசவில்லை. நல்ல மனுஷன்.

படங்களைப் பார்க்கவில்லை மாமா. திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும், அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு அவர் பெயரில்தான். குருவி என்றே போட்டிருக்கிறேன். யார் திறந்தாலும் உங்கள் போனுக்கும் என் போனுக்கும் தகவல் வரும். கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

பென் டிரைவில் வானம் மட்டும். முகங்களை இதில் போடவில்லை. தபாலில் போகிற பொருள். தொலைந்து வேறு யார் கையிலாவது கிடைத்தால், யாரோ ஒருவர் அவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். எனக்கு அது வேண்டாம். நேரில் வரும்போது வேறொன்றில் போட்டுக் கொண்டுவருகிறேன். லேப் கணினியில் இருந்ததையும் சுத்தமாக அழித்துவிட்டேன்.

உங்கள் மகள்


மார்ச் 23

அன்புள்ள மகளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்று ஞாயிறு. நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதில் ஒரு தகவல்: "வணக்கம் குருவி, உங்கள் கணக்கு சற்று முன் வேறொரு சாதனத்தில் திறக்கப்பட்டது."

உன் அத்தை அதைப் படித்தாள்.

நான் வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. அவள் படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, காத்து வரட்டும்னு" என்றாள். போனை என் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் அடுப்பில் வைத்த பால் தீய்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு எல்லாம் தெரியும். அவன் இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவள் கதவைத் திறந்தாள்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறக்கப்போகிறேன் மாமா, போனை எடுத்து உள்ளே வையுங்கள் என்று. கணக்குக்கு அவன் பெயரை வைக்கச் சொன்னது நான்தான். ஆனால் தகவல் இந்த மாதிரி வரும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன்.

மாமா


மார்ச் 30

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கோபம் வந்தது. அப்புறம் அத்தை படியில் நின்றதை நினைத்தேன். கோபம் போய்விட்டது.

நிறுவனத்திலிருந்து போனுக்கு வருகிற எல்லாத் தகவலையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அது உடனே முடிந்துவிட்டது. கணக்கைத் திறக்கக்கூடத் தேவைப்படவில்லை, வந்த தகவலுக்கு "நிறுத்து" என்று பதில் அனுப்பினாலே போதும். உங்கள் எண்ணுக்கும் சேர்த்து நிறுத்தியாயிற்று. இனிமேல் ஒரு சத்தமும் வராது. நீங்களும் அத்தையும் எப்போது வேண்டுமானாலும் பாருங்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜூலை 5

அன்புள்ள மகளுக்கு,

மூன்று மாதம் நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஆபீஸ் காவலர் நேற்று தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்ன சார், மகளோட டூவா?" என்று கேட்டார். அந்த ஆளுக்குப் பதில் சொல்வதற்காகவாவது இதை எழுதுகிறேன்.

நான் எழுதிய கடைசிக் கடிதம் கொஞ்சம் காரம். எழுதியதும் ஒரு நாள் மேசையில் போட்டு வைத்திருக்க வேண்டும். செய்திக்கு அப்படித்தான் செய்வேன், உனக்குச் செய்யவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அத்தை சாயங்காலம் சாயங்காலம் அவன் படங்களைப் பார்க்கிறாள். மழையில் அவன் நனைந்துகொண்டு தன் வண்டிக்குக் குடை பிடித்து நிற்பானே, அந்தப் படம். அந்த நீலக் குடை. நேற்றுக்கூட அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நீயும் பார்க்கிறாய்தானே?

மாமா


செப்டம்பர் 6

மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். லேப்பில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். என் மேசையில் யார் யாருடையதோ பல் வரிசைகள் வரிசை கட்டி நிற்கின்றன. "உன்னைப் பாத்து எல்லாரும் இளிக்கறாங்க பாரு" என்கிறார் முதலாளி.

பார்க்கிறேன் மாமா. ஞாயிறு தவறாமல். இன்றைக்கும் பார்த்தேன். ஆமாம், அந்த நீலக் குடை. எனக்கும் அதுதான் பிடிக்கும். அத்தை சிரித்தார்கள் என்று படித்ததும் அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். அவர்கள் பார்க்கிறார்கள் என்பதே எனக்குப் போதும்.

தீபாவளி என்றோ பொங்கல் என்றோ காத்திருக்காமல் லீவு கிடைத்ததும் வருகிறேன். இன்னொரு பென் டிரைவில் முகங்களைப் போட வேண்டியதும் நினைவிருக்கிறது.

உங்கள் மகள்


நவம்பர் 9

அன்புள்ள மகளுக்கு,

உறுதியானது: குருவியின் கணக்கு மூடப்பட்டுவிட்டது. ஆதாரம்: அவனுடைய மெயிலுக்கு வந்திருக்கும் நிறுவனத்தின் கடிதம். இன்று காலை கடையில் படித்தேன். அதே பெட்டியில் அதற்கு முன்னால் வந்த மூன்று எச்சரிக்கைகளும் பிரிக்கப்படாமல் கிடந்தன. போனுக்கு வர வேண்டிய எச்சரிக்கைகள் மார்ச் மாதமே நிறுத்தப்பட்டிருந்தன. மெயிலைப் பார்க்க நான் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கடிதத்தில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "இந்தக் கணக்கு கடைசியாகத் திறக்கப்பட்டது மார்ச் 22."

அது நீ திறந்த ஞாயிறு. உன் அத்தை படியில் நின்ற அன்று.

இந்த வரியை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் இது பாதிச் செய்தி. அதற்குப் பிறகு நீயும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் கேட்டேன், "இன்னிக்கு வேண்டாங்க" என்றாள். தினமும் இன்னிக்கு வேண்டாம். உனக்கு அதை எழுதினால் நீ பயந்துபோவாய் என்று மாற்றி எழுதினேன். தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது எப்படித் தெரிந்தது என்றால், நேற்று அவளே கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "அவன் மொகத்த ஒரு தடவ காட்டறீங்களா?" என்றாள். இந்த ஒன்றரை வருடத்தில் அவனைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. போனை எடுத்தேன். கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது.

"நெட்டு இல்ல, நாளைக்குக் காட்டறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நாளை இன்றுதான்.

கடைக்காரரிடம் கேட்டேன். "ஓசியில குடுக்கறவன் எப்ப கையை இழுப்பான்னு யாருக்கும் தெரியாது சார்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனு போடலாம், சில சமயம் மீட்டுத் தருவார்கள் என்றார். மனைவியின் கையெழுத்து வேண்டுமாம்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை இரண்டு முறை படி.

மாமா


நவம்பர் 15

மாமாவுக்கு,

இரண்டு முறை படித்தேன்.

குடை சிவப்பு மாமா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், சிவப்பு. நீங்கள் நீலம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குத்தான் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் நேற்றுப் பார்த்தவர், நான் பார்க்காதவள். அதனால் நானும் நீலம் என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன், அவர் குடையின் நிறம்கூட எனக்கு நினைவில் இல்லையே என்று.

அந்தக் கடிதம் எழுதியது செப்டம்பர் 6. அன்று நான் எழுதியபடி நிஜமாகவே திறந்திருந்தால் கணக்கு இன்றைக்கும் இருந்திருக்கும். பேனாவைப் பிடித்த கைக்குப் பக்கத்திலேயே போன் இருந்தது. நீங்களும் அத்தையும் தினமும் பார்க்கிறீர்கள், நான் பார்க்காவிட்டால் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் பார்ப்பதால்தான் என்னால் பார்க்காமல் இருக்க முடிந்தது.

மனுவில் கையெழுத்துப் போட்டு, இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து நானே அனுப்பிவிட்டேன். நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். சின்னக் குரல். "மேடம், கணக்குக்காரரையே பேசச் சொல்ல முடியுமா?" என்றாள். சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அழித்த பிறகும் சில காலம் உள்ளே ஒரு நகல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். உங்களுக்குப் பிடித்திருக்கும் அவளை. தெரியாததைத் தெரியாது என்றாள்.

அத்தையிடம் என்ன சொன்னீர்கள்?

மதியம் வேலை ஓடவில்லை. கையில் மெழுகு இருந்தது. அவருடைய முன்பல் ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கும், பாட்டில் மூடியைப் பல்லால் திறந்த வீரம். அதைச் செதுக்கிப் பார்த்தேன். குடை நிறத்தில் தடுமாறினேன், பல் தடுமாறவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, "இது எந்த ஆர்டர்?" என்றார். "என்னுதுங்க" என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கணக்குதான். அது போய்விட்டால் நீங்கள் எனக்கு எழுத என்ன இருக்கிறது?

உங்கள் மகள்


நவம்பர் 24

அன்புள்ள மகளுக்கு,

உறுதியானது: மனு நிறுவனத்துக்குக் கிடைத்துவிட்டது. ஆதாரம்: நேற்று வந்த ரசீது மெயில். மனுவுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது தினமும் கடைக்குப் போகிறேன். மெயில் பார்க்க அவர் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. முழுக்கச் சொன்னேன், நீலக் குடை உட்பட.

"எல்லாம் போச்சா?" என்றாள்.

"தெரியல. கேட்டிருக்கோம்."

"கேட்டா குடுப்பாங்களா?"

"தெரியலம்மா."

மடியில் இருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு தனியா இருந்து இதைப் படிச்சிருக்குமே" என்றாள். அவளுக்கு அடுத்து வந்த கவலை உன்னைப் பற்றித்தான். அதற்கப்புறம் எழுந்து போய், நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்த உன் பென் டிரைவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு மார்ச் மாதத்திலிருந்தே தெரியுமாம். இத்தனை வருடம் செய்தி சேகரித்த எனக்கு அவளுக்கு இது தெரியும் என்பது தெரியவில்லை.

கடைக்காரரிடம் பழைய கணினி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். இப்போது நிஜமாகவே சாயங்காலம் சாயங்காலம் பார்க்கிறோம். வானம், கடல், கன்டெய்னர். அடுத்த படம், மறுபடியும் வானம். "தெனமும் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தானா?" என்றாள் முதல் நாள். இப்போது அவளே சொல்கிறாள்: இன்று மேகம் தாழ இருந்திருக்கிறது, இன்று கப்பல் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருப்பான், இன்று கண்ணாடியைத் துடைத்திருக்கிறான். எனக்கு அவள் சொன்ன பிறகுதான் தெரிகிறது.

நேற்று ஒரு படத்தில் ஓர் ஓரம் முழுக்க மங்கலாக, செம்மண் நிறத்தில் என்னவோ மறைத்தது. கேமரா கோளாறு என்று அடுத்ததற்குத் தள்ளப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெரலு" என்றாள். "அவன் கட்டைவெரலு. படம் எடுக்கத் தெரியாத பய."

அந்தப் படத்தை அதற்கு மேல் தள்ளவில்லை. விளக்கு போடுகிற நேரம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கழித்துக் கட்டிய வானத்தில் இருந்த ஒன்று. நான் பிடிவாதம் பிடித்ததும் அந்த விரலுக்காக இல்லை. இரண்டு பேருக்கும் தெரியாமல் அது அங்கே இருந்திருக்கிறது.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பக்கத்தைத் திருப்பிப் பார், எத்தனை எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் இனி ஆபீஸ் முகவரி வழியாக வர வேண்டாம். காவலரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நான் யாரை சார் கிண்டல் பண்றது?" என்கிறார். வீட்டுக்கே எழுது. அவள் பிரித்துப் படிப்பாள், பரவாயில்லை.

பல்லை எடுத்து வா. மெழுகு உருகாமல் பார்த்துக்கொள்.

நிலுவையில் இருப்பவை: நிறுவனத்தின் முடிவு. டிசம்பர் 4-க்குள் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். நகல் இருக்கிறதா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. உன் லீவு. அது டிசம்பர் 6 என்று போன மாதம் லேப்புக்குப் போன் செய்தபோது உன் முதலாளி சொன்னார், நீ இன்னும் சொல்லவில்லை. முதலில் எது வந்தாலும், அன்று வாசல் கதவு திறந்திருக்கும் என்று உன் அத்தை எழுதச் சொன்னாள்.

மாமா